முற்றிய கரி, முற்றாக் கரியைக் கொன்ற கதை

ஆங்கிலத்தில் 'பீற்' எனப்படும் கறுத்த மண்ணுக்கு, இலங்கையில் தமிழில் பூகோளம் படித்த தலைமுறையினர் அறிந்த பெயர் 'முற்றா நிலக்கரி'. மிகப் பொருத்தமான பெயர். நீரில் ஊறிக் கிடக்கும் செடிகொடிகள் முழுமையாக உக்கிப் போகாமல், ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அடுக்கடுக்காகப் படிந்து இந்த மண் உருவாகிறது. இதன்மீது பாறைகள் படிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகள் அழுத்தமும் வெப்பமும் சேருமானால் அதுவே நிலக்கரியாகிவிடும். ஆகவே பீற் என்பது கரியின் குழந்தைப் பருவம் எனலாம்.

இங்கிலாந்தில், மன்செஸ்டர் நகருக்கும் ஷெபீல்ட் நகருக்கும் இடையே உள்ள மலைகளில், முற்றிய கரி இந்த முற்றாக் கரியைக் கொன்றது. கொன்றது என்ற சொல்லை அலங்காரத்துக்காக எழுதவில்லை. ஆலைகளின் புகைபோக்கிகளிலிருந்து எழுந்த புகை, அந்த மலைகளை உயிரோடு வைத்திருந்த ஒரு சிறிய பாசியை அழித்தது. பாசி போனபின் மண் வெளியே தெரிந்தது. அந்த மண்ணை மழையும் காற்றும் கொண்டு சென்றன. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து, அதே பாசியைக் கைப்பிடி கைப்பிடியாக மீண்டும் நட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த வரலாற்றில் கைத்தொழிற் புரட்சி இருக்கிறது. நிலவுடைமை இருக்கிறது. மலையில் நடந்ததன் விளைவாகச் சிறைக்குச் சென்ற இளம் தொழிலாளர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் ஆளுநராக இருந்த ஒருவரின் பெயரும் இறுதியில் வந்து சேர்கிறது.

மழையை உண்டு வாழும் பாசி

பென்னைன் மலைத்தொடரை இங்கிலாந்தின் முதுகெலும்பு என்பார்கள். அதன் தென்முனையில் உள்ள உயர்நிலத்துக்கு 'டார்க் பீக்' என்று பெயர். கின்டர் ஸ்கவுட், பிளீக்லோ, பிளக் ஹில் ஆகியன அங்குள்ள முக்கிய மேட்டுநிலங்கள். இவை அப்படியொன்றும் உயரமானவை அல்ல. அவற்றுள் உயர்ந்ததான கின்டர் ஸ்கவுட் 636 மீற்றர். பிளீக்லோ 633 மீற்றர். எமது பீதுருதாலகால மலையின் உயரத்தில் கால்பங்குதான். உச்சியில் கூரிய சிகரம் எதுவும் கிடையாது. பரந்து, தட்டையாக, ஆண்டு முழுவதும் மழையில் ஊறிக் கிடக்கும் நிலம். பாறையின்மேல் கம்பளம் விரித்தாற்போல் பீற் மண் மூடியிருக்கிறது. சில இடங்களில் அதன் தடிப்பு மூன்று நான்கு மீற்றர்.

இந்தக் கம்பளத்தை நெய்தது ஸ்பக்னம் என்ற பாசி. இதற்கு வேர் இல்லை. மலையுச்சியில் ஆற்று நீரும் எட்டாது, நிலத்தடி நீரும் எட்டாது. மழை நீரும், அந்த நீரில் கரைந்துவரும் சொற்ப உப்புகளுமே இதன் உணவு. தனது உலர்ந்த எடையைப்போல் இருபது மடங்கு நீரைப் பிடித்து வைக்க வல்லது. மேல்நுனி வளர்ந்துகொண்டே போகக் கீழ்ப்பகுதி இறந்து நீரினுள் அமிழ்கிறது. அங்கே ஒட்சிசன் இல்லை. அமிலத்தன்மையும் அதிகம். எனவே இறந்த பாசி உக்காமல் தங்கிவிடுகிறது. இவ்விதம் ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் பீற் சேர்கிறது. ஒரு மீற்றர் சேர ஆயிரம் ஆண்டுகள் வேண்டும். டார்க் பீக் மலைகளில் உள்ள பீற், எகிப்தில் பிரமிட்டுகள் எழுவதற்கு முன்னரே உருவாகத் தொடங்கிவிட்டது.

முதலாம் உலகப் போரின்போது பஞ்சுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அப்பொழுது காயங்களுக்கு வைத்துக் கட்டுவதற்கு இந்த ஸ்பக்னம் பாசியையே பிரித்தானியா பயன்படுத்தியது. குருதியையும் நீரையும் பஞ்சைவிட நன்றாக உறிஞ்சியதோடு, அதன் அமிலத்தன்மை கிருமிகளையும் கட்டுப்படுத்தியது. ஸ்கொட்லாந்திலும் அயர்லாந்திலும் சேகரிக்கப்பட்ட பாசி போர்முனைகளுக்குச் சென்றது. டார்க் பீக் மலைகளிலிருந்து சேகரித்திருக்க முடியாது. அங்கே அது ஏற்கெனவே இல்லாமற் போயிருந்தது.

நூறு ஆலைகளின் புகை

கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மன்செஸ்டர் என்று அழைப்பது தமிழருக்குப் பழக்கமானது. அந்தப் பெயருக்கு மூலமான மன்செஸ்டரில், 1853ஆம் ஆண்டில் 108 பருத்தி ஆலைகள் இருந்தன. சுற்றியுள்ள சிறு நகரங்களின் ஆலைகளைச் சேர்த்தால் எண்ணிக்கை பன்மடங்காகும். அத்தனையும் நீராவியில் இயங்கின. நீராவிக்குக் கரி வேண்டும். வீடுகளின் அடுப்புகளுக்கும் கரியே. லங்காஷயர் துணி உலகெங்கும் சென்று, நமது நாடுகளின் கைத்தறிகளை முடக்கிய வரலாற்றை நாம் அறிவோம். அதே ஆலைகள் தமது வாசலிலேயே செய்த நாசத்தை அவ்வளவாக அறியவில்லை.

அந்த நகரில் ரொபேர்ட் அங்கஸ் ஸ்மித் என்ற ஸ்கொட்லாந்து இரசாயனவியலாளர் ஒருவர் வாழ்ந்தார். மன்செஸ்டரின் வெவ்வேறு இடங்களில் மழைநீரைச் சேகரித்து ஆராய்ந்தார். நகரின் மையத்தை நெருங்க நெருங்க மழையில் கந்தக அமிலம் கூடுவதை 1852இல் எழுதினார். 1872இல் வெளிவந்த 'காற்றும் மழையும்' என்னும் பொருள்படும் தலைப்பிலான நூலில் 'அமில மழை' என்ற சொற்றொடரைக் கையாண்டார். ஒரு நூற்றாண்டுக்குப் பின்னர் உலகச் செய்தித்தாள்களின் தலைப்புகளில் இடம்பெற்ற அந்தச் சொற்றொடர் பிறந்தது இவ்வாறுதான். 1863ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் தொழிற்சாலைகளின் நச்சு ஆவியைக் கண்காணிக்க நியமிக்கப்பட்ட முதலாவது அரச பரிசோதகரும் அவரே.

அப்பகுதியில் காற்று பெரும்பாலும் மேற்கிலிருந்து வீசும். மன்செஸ்டர் மேற்கே இருக்கிறது, மலைகள் கிழக்கே இருக்கின்றன. புகை நேராக மலைக்குச் சென்றது. மழையை மட்டுமே உண்டு வாழும் உயிருக்கு மழையே நஞ்சானால் அதற்கு வேறு போக்கிடம் ஏது?

மன்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் ராலிஸ் என்ற தாவரவியலாளர், 1960களில் இந்த மலைகளின் பீற் அடுக்குகளை ஆராய்ந்தார். கீழடுக்குகளில் ஸ்பக்னம் நிறையவே இருந்தது. மேலே வர வர, கரிப்புகையின் துகள்கள் தென்படத் தொடங்கும் மட்டத்தில் ஸ்பக்னம் குறைந்து மறைந்துபோனது. மலை தனது மரணக் குறிப்பைத் தானே எழுதி வைத்திருந்தது என்று சொல்லலாம். பின்னர், கந்தகச் சேர்மங்கள் ஸ்பக்னத்தின் வளர்ச்சியை எவ்வாறு குன்றச் செய்கின்றன என்பதை அதே பல்கலைக்கழகத்தின் பேர்குசன், லீ ஆகியோர் 1980களின் தொடக்கத்தில் பரிசோதனைகள் மூலம் காட்டினர்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எல்லாப் பழியையும் ஆலைகளின்மீது மட்டும் சுமத்துவது வரலாற்றுக்கு நியாயமாகாது. சில இடங்களில் மண்ணரிப்பு கைத்தொழிற் புரட்சிக்கு முன்னரே தொடங்கியிருந்தது என்பதற்கும் பீற் அடுக்குகளே சாட்சி. ஆடுகள் அளவுக்கு மீறி மேய்ந்தன. வேட்டைப் பறவைகளுக்காகப் புதர்கள் எரிக்கப்பட்டன. தற்செயலாக மூண்ட தீயும் உண்டு. ஆனால் காயம் எப்படி வந்தாலும் ஆற்றுவதற்குப் பாசி இருந்தது. நிலம் கீறுண்டால் அந்தக் கீறலை மூடி வளர்ந்துவிடும். புகை அழித்தது அந்த ஆற்றும் சக்தியை. அதன் பின்னர் ஏற்பட்ட எந்தக் காயமும் ஆறவில்லை.

வெளியே தெரிந்த பீற் மண் கோடையில் காய்ந்து தூளாகிக் காற்றில் பறந்தது. மாரியில் உறைபனி அதை உடைத்தது. மழை அதை ஓடைகளில் இறக்கியது. ஓடைகள் ஆழ்ந்து, ஆளுயரத்துக்கும் மேற்பட்ட பள்ளங்களாயின. பள்ளங்கள் நீரை வடித்தன. நீர் வடிந்த மண் மேலும் காய்ந்தது. வெறுமையான பீற் ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றருக்கும் கூடுதலாகக் கரைந்து போகக்கூடியது. பத்தாண்டுகளில் சேர்ந்தது ஓராண்டில் போகிறது என்பது இதன் பொருள். 1848 முதல் 1877 வரை மன்செஸ்டரின் குடிநீருக்காக லோங்டென்டேல் பள்ளத்தாக்கில் கட்டப்பட்ட நீர்த்தேக்கங்கள் இந்த மலைகளின் அடிவாரத்தில்தான் இருக்கின்றன. மலையின் மண் அவற்றில் படிந்தது. நீர் தேநீர் நிறமானது. அந்நிறத்தை நீக்கும் செலவு பின்னர் நீர்க் கட்டணத்தில் சேர்ந்தது. இதைவிட மோசமான செய்தியும் உண்டு. புகையோடு வந்த ஈயம் முதலிய உலோகங்களைப் பீற் மண்ணின் மேற்படை தன்னுள் சேர்த்து வைத்திருக்கிறது. மண் அரிக்கப்படும்போது அந்தப் பழைய நஞ்சும் ஓடைகளில் இறங்குகிறது.

வேலியிட்ட மலை

மலையைக் கெடுத்த நகரத்தில் வாழ்ந்த தொழிலாளர்களுக்கு அந்த மலையில் கால்வைக்க உரிமை இருக்கவில்லை.

முன்னர் ஊர்ப் பொதுமக்கள் ஆடு மேய்க்கவும் பீற் வெட்டி விறகாக்கவும் பயன்படுத்திய மேட்டுநிலங்கள், பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சட்டங்களின் துணையோடு தனியார் உடைமையாகின. பிரபுக்களும் செல்வந்தர்களும் அவற்றைக் 'குரூஸ்' எனப்படும் காட்டுப் பறவையின் வேட்டைக்களங்களாக மாற்றினர். ஓகஸ்ட் 12ஆம் திகதி தொடங்கும் வேட்டைப் பருவத்துக்காக ஆண்டு முழுவதும் காவலர்கள் நின்றார்கள். ஆறு நாட்கள் புகைக்குள் உழைத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையில் நல்ல காற்றுக்காக வந்தவர்கள் தடியால் துரத்தப்பட்டார்கள்.

1932 ஏப்ரல் 24ஆம் திகதி, ஹேபீல்ட் என்ற சிற்றூரிலிருந்து ஏறத்தாழ 400 பேர் கின்டர் ஸ்கவுட்டை நோக்கி ஏறினார்கள். பெரும்பாலோர் மன்செஸ்டரின் இளம் தொழிலாளர்கள். தலைமை தாங்கியவர் பெனி ரொத்மன். வயது இருபது. மேலே காவலர்களுடன் கைகலப்பு ஏற்பட்டது. திரும்பி வந்தபோது பொலிசார் காத்திருந்தனர். ஆறு பேர் கைதாகினர்.

பிறருடைய நிலத்தில் அனுமதியின்றி நடப்பது அக்காலச் சட்டப்படி குற்றவியல் குற்றமன்று. எனவே கலகம் விளைவித்ததாக வழக்குத் தொடரப்பட்டது. டார்பி நகரில் கூடிய பெரு யூரிகள் சபையில் இராணுவ அதிகாரிகளும் நிலவுடைமைச் சீமான்களுமே நிறைந்திருந்தனர். ஐவருக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை கிடைத்தது. ரொத்மனுக்கு நான்கு மாதம்.

அதிகாரம் பெரும்பாலும் இவ்விடத்தில்தான் தவறு செய்கிறது. நடந்ததற்குத் தண்டனை என்ற செய்தி, நடந்தவர்கள் சொல்ல விரும்பியதை அவர்களால் முடிந்ததைவிடப் பலமாக நாட்டுக்குச் சொன்னது. 1949இல் தேசிய பூங்காக்கள் சட்டம் வந்தது. 1951 ஏப்ரலில் பிரித்தானியாவின் முதலாவது தேசிய பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது இந்த பீக் டிஸ்ரிக்ட் பிரதேசமே. 2000ஆம் ஆண்டின் சட்டம் திறந்த மேட்டுநிலங்களில் நடக்கும் உரிமையை எல்லோருக்கும் வழங்கியது. 2002இல், அந்த நடைப்போராட்டத்தின் எழுபதாம் ஆண்டு நிறைவில், கின்டரில் நிலம் வைத்திருந்த குடும்பத்தின் வாரிசான பதினோராவது டெவன்ஷயர் கோமகன், தமது பாட்டனார் செய்தது பெருந்தவறு என்று பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். ரொத்மன் அதைக் கேட்க உயிரோடு இருக்கவில்லை. சில மாதங்களுக்கு முன்னர், அவ்வாண்டு ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார்.

கால்களின் பாரம்

இக்கதையில் பத்திரிகையாளர் ஒருவருக்கும் பங்குண்டு. 'டெய்லி ஹெரால்ட்' பத்திரிகையில் பணியாற்றிய ரொம் ஸ்டீபன்சன், பென்னைன் மலைகளின் முதுகு நெடுகிலும் ஒரு நடைபாதை வேண்டும் என்று 1935இல் ஒரு கட்டுரை எழுதினார். முப்பது ஆண்டுகள் விடாது வாதாடினார். 1965 ஏப்ரல் 24ஆம் திகதி, கின்டர் நடைப்போராட்டத்தின் 33ஆவது ஆண்டு நிறைவு நாளிலேயே, ஏறத்தாழ 430 கிலோமீற்றர் நீளமான 'பென்னைன் வழி' திறந்துவைக்கப்பட்டது. ஒரு செய்தித்தாள் கட்டுரை நிலத்தில் பாதையாக மாறியதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

ஆனால் வென்றெடுத்த உரிமைக்கும் ஒரு பாரம் உண்டு. அந்தப் பாதை டார்க் பீக் மலைகளின் வழியே செல்கிறது. ஏற்கெனவே பாசியிழந்து புண்பட்டிருந்த மண்ணை ஆயிரக்கணக்கான கால்கள் மிதித்தன. சேற்றைத் தவிர்க்க ஒவ்வொருவரும் சற்று விலகி நடக்க, பாதை அகன்றுகொண்டே போனது. பிளக் ஹில் உச்சியில் புல்லே இல்லாமற் போய், முழங்கால்வரை புதையும் கருஞ்சேறாயிற்று.

1990களில் இதற்கு ஒரு வழி கண்டார்கள். லங்காஷயரின் பழைய பருத்தி ஆலைகள் மூடப்பட்டு இடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அவற்றின் தரையில் பதித்திருந்த பெரிய கற்பலகைகளை ஹெலிக்கொப்டரில் ஏற்றிச் சென்று மலையில் இறக்கி, பீற் மண்ணின்மீது வரிசையாகப் பரப்பினார்கள். மக்கள் கற்களில் நடந்தார்கள். இருபுறமும் மண் ஓய்வு பெற்றது. எந்த ஆலைகளின் புகை மலையைக் கொன்றதோ, அந்த ஆலைகளின் தரையே மலையைக் காக்கப் போயிற்று. இன்றும் பென்னைன் வழியில் நடப்பவர்கள், நெசவாளர்களின் கால்கள் தேய்த்த கற்களின்மீதுதான் நடக்கிறார்கள்.

மலைக்கு வைத்தியம்

பாதை சீரானது. மலை? மண்ணரிப்புப் பற்றிய முதலாவது விரிவான ஆய்வறிக்கை 1981இல் பூங்கா நிர்வாகத்தினால் வெளியிடப்பட்டது. அதைத் தயாரித்தவர்களுள் ராலிசும் ஒருவர். அடுத்த ஆண்டு, கின்டர் ஸ்கவுட்டை நஷனல் ட்ரஸ்ட் என்ற அறநிறுவனம் வாங்கியது. கண்டபடி திரிந்த ஆடுகளை அப்புறப்படுத்தியதுமே சில சரிவுகளில் புல் தலைகாட்டிற்று. 1952இன் லண்டன் நச்சுப்புகைக்குப் பின்னர் வந்த 1956ஆம் ஆண்டின் தூய காற்றுச் சட்டத்தினாலும், கரியின் பயன்பாடு குறைந்துபோனதாலும் மழையும் தூய்மையாகி வந்தது. பிரித்தானியாவின் கந்தகவீரொட்சைட்டு வெளியேற்றம் 1970இல் இருந்த அளவிலிருந்து தொண்ணூறு வீதத்துக்கும் மேலாகக் குறைந்துவிட்டது.

ஆயினும் பிளீக்லோ போன்ற இடங்களில் பெரும் பரப்புகள் கறுப்பாகவே கிடந்தன. 2003 ஏப்ரலில் பிளீக்லோவில் பெருந்தீ ஒன்றும் மூண்டது. அதே ஆண்டில், பூங்கா நிர்வாகமும் நீர் வழங்கும் நிறுவனங்களும் நஷனல் ட்ரஸ்ட் முதலிய அமைப்புகளும் கூட்டுச் சேர்ந்து, 'மூர்ஸ் போர் த பியூச்சர்' என்ற திட்டத்தை லொத்தர் நிதியின் உதவியோடு தொடங்கின.

செய்த வைத்தியம் நோயைப் போலவே படிப்படியானது. வெற்றுப் பீற்றின் அமிலத்தன்மை வினாகிரியை அண்மித்தது. அதில் எதுவும் முளைக்காது. எனவே முதலில் சுண்ணாம்பும் உரமும் ஹெலிக்கொப்டரிலிருந்து தூவப்பட்டன. பின்னர் விரைவில் முளைக்கும் புல்விதைகள். இந்தப் புல் செவிலித்தாய் போன்றது. தன் வேரால் மண்ணைச் சில ஆண்டுகள் பிடித்துவைத்துவிட்டு, உள்ளூர்ச் செடிகள் வந்ததும் ஒதுங்கிவிடும். வேறிடத்தில் வெட்டிய ஹெதர் புதரின் கிளைகள் விதையோடு சேர்த்துப் பரப்பப்பட்டன. செங்குத்தான சரிவுகளில் சணல் வலை விரிக்கப்பட்டது. சணல் வங்காளத்தின் பயிர். பருத்தியால் கெட்ட மலைக்குச் சணலால் கட்டுப்போட்டார்கள். அது சில ஆண்டுகளில் தானே உக்கி மண்ணாகிவிடும். அதற்குள் செடி வேரூன்றிவிட வேண்டும். பள்ளங்களின் குறுக்கே கற்களாலும் மரப்பலகைகளாலும் ஆயிரக்கணக்கான சிறு அணைகள் கட்டப்பட்டன. வடிந்துகொண்டிருந்த நீர் தேங்கியது.

இவ்வளவும் ஆனபின்னர்தான் ஸ்பக்னம் பாசி. அக்கம்பக்கத்து மலைகளில் எடுத்து நடுவதற்குப் போதிய பாசி மிஞ்சியிருக்கவில்லை. ஆகவே கிடைத்த சிறு துண்டுகளை ஆய்வுகூடத்தில் பெருக்கி, நாற்றுகளாக்கி, முதுகில் சுமந்து சென்று கையால் நட்டார்கள். இலட்சக்கணக்கில் நட்டிருக்கிறார்கள். நட்டவர்களில் மன்செஸ்டரிலிருந்தும் ஷெபீல்ட்டிலிருந்தும் விடுமுறை நாட்களில் வந்த தொண்டர்களும் அடங்குவர். முப்பது சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான கருநிலம் இவ்வாறு பச்சையாகியிருக்கிறது.

பலனும் தெரிகிறது. செடிகள் மூடிய சரிவுகளிலிருந்து பெருமழையின்போது நீர் முன்னரைவிட மெதுவாக இறங்குகிறது என்பதையும், வெள்ளத்தின் உச்ச அளவு குறைகிறது என்பதையும் கின்டரில் செய்த அளவீடுகள் காட்டின. கீழே வாழும் ஊர்களுக்கு இது சிறிய விடயமன்று. ஓடைகளில் இறங்கும் மண்ணும் வெகுவாகக் குறைந்தது.

யார் கடன், யார் அடைப்பது?

உலகின் நிலப்பரப்பில் பீற் நிலங்களின் பங்கு ஏறத்தாழ மூன்று வீதமே. ஆனால் உலகின் காடுகள் அனைத்தினதும் மரஞ்செடிகளில் உள்ளதைவிட அதிகமான காபன் அவற்றுள் புதைந்திருக்கிறது. பிரித்தானியாவின் பீற் நிலங்களில் மட்டும் முந்நூறு கோடி தொன் அளவில் இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. ஈரமாக இருக்கும்வரை அது அங்கே தூங்கும். காய்ந்தால் காபனீரொட்சைட்டாகிக் காற்றில் கலக்கும். 2018 ஜூனில் சடில்வேர்த் மேட்டுநிலத்தில் தீப்பற்றியபோது, இராணுவத்தினரை அனுப்பும் நிலை வந்தது. வீடுகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர். மன்செஸ்டர் பிரதேசம் மீண்டும் புகையைச் சுவாசித்தது. இம்முறை புகை மலையிலிருந்து நகருக்கு வந்தது.

இந்த வைத்தியத்துக்கான பணம் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். லொத்தர்ச் சீட்டு வாங்கியவர்களின் பணம். நீர்க் கட்டணம் செலுத்தியவர்களின் பணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் சுற்றாடல் நிதி. பிரித்தானியா ஒன்றியத்தைவிட்டு வெளியேறியதோடு அந்த நிதியின் வாசல் மூடிக்கொண்டது. ஆலை முதலாளிகளின் செல்வம் மாளிகைகளாகவும் நூலகங்களாகவும் கலைக்கூடங்களாகவும் இன்றும் நிற்கிறது. அவர்களது கணக்கேட்டில் மலைக்கென ஒரு சதமும் எழுதப்படவில்லை. கடனை வாங்கியவர்கள் போய்விட்டார்கள். அடைப்பவர்கள், அன்று மலையில் ஏறத் தடுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள்.

2015 முதல், பீற் நிலங்களைச் சீரமைத்து அதனால் தடுக்கப்படும் காபன் வெளியேற்றத்தை நிறுவனங்களுக்கு விற்கும் முறையும் பிரித்தானியாவில் நடைமுறையில் உள்ளது. பணம் வருவது நல்லதே. ஆனால் ஒருவர் இங்கே புகைவிட்டுக்கொண்டு, அங்கே பாசி நடுவதற்குப் பணம் கொடுத்தால் கணக்குச் சரியாகிவிடுமா என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது. பாசி வளர்வது மில்லிமீற்றர் கணக்கில். புகை எழுவது அப்படியன்று.

வேட்டைக்காக ஹெதர் புதர்களை எரிக்கும் வழக்கமும் முற்றாக ஒழியவில்லை. ஆழமான பீற் உள்ள பாதுகாக்கப்பட்ட நிலங்களில் அனுமதியின்றி எரிப்பதை 2021இல் இங்கிலாந்து தடைசெய்தது. 2025இல் அந்த விதிகள் மேலும் இறுக்கப்பட்டன. எரித்தால் தீயபாயம் குறைகிறது என்று வேட்டை நில உரிமையாளர்கள் வாதிடுகிறார்கள். எரித்த நிலம் காய்கிறது, ஈரமான நிலமே தீயைத் தடுக்கும் என்று மறுதரப்பு சொல்கிறது. கின்டரில் 1932இல் தொடங்கிய வாதம், மலை யாருக்காக என்ற வாதம், வேறு சொற்களில் தொடர்கிறது.

ஹோர்ட்டனின் பெயர் தாங்கிய மலை

கின்டர் ஸ்கவுட் இருப்பது டார்பிஷயர் மாவட்டத்தில். அதே டார்பிஷயரின் நிலவுடைமைக் குடும்பமொன்றில் வந்தவர் சேர் ரொபேர்ட் வில்மட் ஹோர்ட்டன். 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநர். கோல்புறூக்-கமரன் சீர்திருத்தங்கள் நடைமுறைக்கு வந்தது இவரது காலத்தில். சிங்கள மக்கள் மகா எலிய என்று அழைத்த உயர்நிலத்துக்கு, 1830களில் இவரது பெயர் சூட்டப்பட்டது. அதுவே ஹோர்ட்டன் சமவெளி.

கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேலுள்ள அந்தச் சமவெளியின் சதுப்புகளிலும் பீற் இருக்கிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய ஆறுகளுக்கு நீர் சேரும் தலைநிலம் அது. அங்குள்ள பீற் படிவை ரத்னசிறி பிரேமதிலக்கவும், சுவீடனைச் சேர்ந்த ஜான் ரிஸ்பர்க்கும் ஆராய்ந்து 2003இல் கட்டுரை வெளியிட்டனர். கடந்த 24,000 ஆண்டுகளில் பருவமழை எப்போது வலுத்தது, எப்போது ஓய்ந்தது என்ற வரலாறு அந்தச் சேற்றில் மகரந்தத் துகள்களாக எழுதப்பட்டிருந்தது. எந்த ஓலைச்சுவடியும் எந்தக் கல்வெட்டும் எட்டாத தொலைவு அது.

ஹோர்ட்டன் சமவெளிக்கும் தனது காயங்கள் உண்டு. ஒரு காலத்தில் அங்கே உருளைக்கிழங்கு பயிரிட்டுப் பின்னர் கைவிட்டார்கள். ஆங்கிலேயர் கொண்டுவந்த 'கோர்ஸ்' என்ற மஞ்சட்பூ முட்புதர் பரவிப் புல்வெளியை விழுங்க, வனசீவராசிகள் திணைக்களத்தினரும் தொண்டர்களும் அதைப் பிடுங்கிக் களைய வேண்டியதாயிற்று. காட்டு மரங்கள் கூட்டங்கூட்டமாகப் பட்டுப்போவதும் பல ஆண்டுகளாக ஆராயப்படுகிறது. ஆயினும் 1969இல் இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988இல் தேசிய பூங்காவாகவும் அது காக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் சேர்ந்தது. கீழ்ச்சரிவுகளில் இருந்த காடுகள் கோப்பிக்கும் தேயிலைக்கும் வெட்டப்பட்ட வரலாற்றை, அங்கே உழைத்த நம் மக்களின் வரலாற்றோடு சேர்த்து அறிந்தவர்களுக்கு, இந்தச் சமவெளி மிஞ்சியது எவ்வளவு பெரிய விடயம் என்று சொல்லத் தேவையில்லை.

இங்கிலாந்தின் அந்த மலைகள் எமக்குச் சொல்லும் பாடம் எளிமையானது. அவர்களிடம் பணம் இருக்கிறது, ஹெலிக்கொப்டர் இருக்கிறது, ஆய்வுகூடம் இருக்கிறது, சட்டம் இருக்கிறது. இவ்வளவும் இருந்தும், இருபது ஆண்டுகளுக்கு மேலான உழைப்பில் அவர்களால் செய்ய முடிந்தது மண் மேலும் போகாமல் நிறுத்தியதும், பாசியை மீண்டும் தொடங்கி வைத்ததுமே. இழந்த மீற்றர்கள் திரும்ப வருவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். அந்த வேலையைப் பாசிதான் செய்யவேண்டும். மனிதனால் ஆகாது.

நம்மிடம் அந்தப் பணமோ ஹெலிக்கொப்டரோ இல்லை. ஆனால் நமது மலையின் தலையில் இன்னமும் ஈரம் இருக்கிறது. அந்த ஈரம் காய்ந்தபின் அதற்கு வைத்தியம் தேடும் வசதி நமக்கு வராது.